புதைந்த ஆற்றின் புளிப்பு

பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு ஓர் ஆறு உண்டு. நகரின் நடுவே நடந்து போகிறவர் கண்ணில் அது படாது. சென் என்று பெயர். அந்த ஆற்றின் சதுப்பில் தோன்றிய சிறு குடியிருப்புதான் சந்தையாகி, ஊராகி, தலைநகராகி, கடைசியில் தன்னைப் பெற்ற ஆற்றையே சாக்கடையாக்கிற்று. 1866-ல் காலரா வந்தது. அடுத்த ஆண்டே ஜூல்ஸ் ஆன்ஸ்பாக் என்ற மேயரின் காலத்தில் வேலை தொடங்கி, 1871-க்குள் ஆற்றைச் செங்கல் வளைவுகளுக்குள் இறக்கி மூடி, அதன் முதுகின்மேல் அகன்ற சாலைகளைப் போட்டுவிட்டார்கள். சாலைகளில் ஒன்று மேயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆற்றின் பெயரை வெளியூர்க்காரர் காதில் போடுவது இன்று பெரும்பாலும் ஒரு பீரின் கதைதான். நீரோட்டம் மண்ணுக்கடியில் போன பிறகும், அந்தப் பள்ளத்தாக்கின் காற்று போகவில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் அந்தப் பீர் இருக்கிறது.

லாம்பிக் என்பார்கள் அதை. அதில் புளிப்புச் செரிப் பழத்தை ஊறப்போட்டால் கிரீக். கண்ணாடிக் குவளையில் விழும்போது மாதுளை முத்தின் நிறம். மேலே வெளிறிய இளஞ்சிவப்பு நுரை எழும்பிச் சீக்கிரமே அடங்கும். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பழம் வரும். அதன் பின்னால் நனைந்த மரமும், பழைய நிலவறையும், வைக்கோலும், வாதுமைப் பருப்பின் மணமும் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு வரும். முதல் மிடற்றில் நாக்கின் இரு ஓரமும் கூசும். இனிப்பை எதிர்பார்த்தவர் முகம் சுளிப்பார். மூன்றாவது மிடற்றில் வாய் அதைத் தானே தேடத் தொடங்கும். இன்றைக்கு உலகின் பெருநகரங்களில் கிராஃப்ட் பீர் விற்கும் கடைகளில் மாம்பழம், கொய்யா, ராஸ்பெர்ரி என்று பழம் சேர்த்த புளிப்புப் பீர்கள் பளபளக்கும் டின்களில் அடுக்கியிருக்கின்றன. வாங்குகிறவர்கள் அதைப் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் சற்றுப் பின்னால் போய் நின்று பார்த்தால், பீர் புளிப்பது புதுமை அல்ல என்பது தெரியும். என்றைக்கு வைத்தாலும் புளிக்காது என்று உறுதி சொல்லக்கூடிய பீர்தான் புதுமை. தானியத்தைக் காய்ச்சிக் குடித்த ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அது கடைசி ஒன்றரை நூற்றாண்டின் வரவு.

பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பாயோட்டன்லாண்ட் என்னும் மேடுபள்ளமான வயல்வெளி. பார்வையற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு பள்ளத்தில் சரிவதாக பீட்டர் ப்ரூகல் 1568-ல் தீட்டினாரே, அந்த ஓவியத்தின் பின்புலத்தில் தெரியும் தேவாலயம் அங்கே சின்ட்-அன்னா-பேடெ என்ற ஊரில் இன்னும் நிற்கிறது. அந்த வயல்களையும் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தையும் சேர்ந்த நிலத்தில்தான் லாம்பிக் காய்ச்சுகிறார்கள். முளைகட்டிய பார்லியோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. கசப்பு வற்றிப்போகும்வரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பழைய ஹாப்ஸ் பூ. மற்ற பீர்க்காரர்கள் ஹாப்ஸ் புத்தம்புதிதாக இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே அதன் கசப்பு வேண்டாம், கெடாமல் காக்கும் குணம் மட்டும் போதும். மணிக்கணக்காகக் கொதித்த சாற்றை மாலையில் கூரைக்கடியில் இருக்கும் ஆழமற்ற அகன்ற செம்புத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். கூரையோர மரச் சட்டங்கள் திறந்திருக்கும். இரவு முழுவதும் குளிர்காற்று சாற்றின்மேல் தவழ்ந்து போகும். யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரை மரத்திலும் பீப்பாயின் துளைகளிலும் குடியிருப்பவை தாமாக வந்து சேர்கின்றன. விடிந்ததும் சாறு பீப்பாய்க்குப் போகிறது. இது அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்குமான வேலை. கோடையில் காற்றில் வருகிறவர்கள் வேறு; அவர்களை நம்ப முடியாது.

நமக்கு இதில் வியப்பதற்குக் குறைவாகவே இருக்க வேண்டும். பனையில் கட்டிய கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். பூசாமல் விட்டால் யாரும் ஒன்றும் சேர்க்காமலே இறங்குவது கள். இராத்திரி ஆட்டி மூடிவைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதும் அழையாமல் வந்தவர்களின் வேலைதான். லாம்பிக் பீப்பாயில் லாக்டிக் புளிப்பை உண்டாக்கும் பீடியோகாக்கஸ் இனத்தார் நம் மாவுப் பானையிலும் இருக்கிறார்கள். மூங்கில் குழாயில் இட்டு நாள்பட முற்றவைத்த தேறலைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். பெயர் தெரியாத உயிர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு உண்டு வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். புளிப்பின் இந்தச் சொத்தில் பெல்ஜியத்துக்காரருக்கு ஒரு பாகம், நமக்கும் ஒரு பாகம்.

பீப்பாய்க்குள் நடப்பது அவசரமில்லாத ஒரு குடிமாற்றம். முதல் சில வாரங்கள் குடல்வாழ் பாக்டீரியாவின் உறவினர்கள் ஆள்கிறார்கள். பிறகு வழக்கமான பீர் ஈஸ்ட் வந்து சர்க்கரையில் பெரும்பகுதியைச் சாராயமாக்குகிறது. மாதங்கள் கழித்துப் பீடியோகாக்கஸ் புளிப்பைக் கூட்டுகிறது. அதன் பின் பிரெட்டனோமைசிஸ் என்னும் பொறுமைசாலி ஈஸ்ட் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் அசைபோட்டு அந்தத் தொழுவ வாசனையைத் தருகிறது. ஒவ்வொரு கூட்டமும் தனக்குப் பின் வருகிறவர்களுக்கு இடத்தைப் பக்குவப்படுத்திவிட்டுத் தானே மடிகிறது. மூன்று ஆண்டுகள்கூட ஆகும். ஆண்டர்லெக்டில் 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் சிலந்தி வலையைக் கலைக்க மாட்டார்கள். பழம் வரும் காலத்தில் மொய்க்கும் ஈக்களைப் பிடிப்பது சிலந்திதான். ஒன்று, இரண்டு, மூன்று வயதான லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மீண்டும் நொதிக்கவிட்டால் கூஸ். இளையது சர்க்கரையைத் தரும், மூத்தது ஆழத்தைத் தரும். தனியாக எதுவும் முழுமையில்லை.

இனி பழம். ஸ்கார்பேக் என்பது இன்று பிரஸ்ஸல்ஸின் நெருக்கமான ஒரு நகரப் பகுதி. அடுக்கு வீடுகள், ட்ராம் பாதைகள், பல நாட்டு மனிதர்கள். ஒரு காலத்தில் அது செரித் தோப்பு. அங்கிருந்து கழுதைகளின் முதுகில் கூடை கூடையாகச் செரிப்பழம் நகரச் சந்தைக்குப் போகும். அதனால் அந்த ஊருக்கே கழுதையூர் என்று பட்டப்பெயர். பழம் சிறியது, கருஞ்சிவப்பு, சதை குறைவு, கொட்டை பெரிது, கடித்தால் புளிப்பு. அப்படியே தின்பதற்கு ஆகாது. பீப்பாய்க்கென்றே பிறந்த பழம். நகரம் விரிந்தது, தோப்பு போயிற்று. தோட்டத்து மூலைகளிலும் வயல் வரப்புகளிலும் எஞ்சிய மரங்களிலிருந்து இன்றும் கொஞ்சம் கிடைக்கிறது. ஏணி சாய்த்துக் கையால் பறிக்க வேண்டும் என்பதால் பலர் அதையும் பறிப்பதில்லை. இப்போது பெரும்பாலான கிரீக்குக்குக் கிழக்கு ஐரோப்பாவின் புளிப்புச் செரிதான். ஊர் போய்விட்டது, பழத்தின் பெயரில் மட்டும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாலைக்கடியில் கிடக்கும் ஆற்றைப் போல.

ஜூலையில் பழம் வருகிறது. ஒரு லிட்டருக்கு 200 கிராம் அளவில், கொட்டையோடு முழுசாக, ஒன்றரை இரண்டு வயதான லாம்பிக் இருக்கும் பீப்பாயில் போடுகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த பீர் பழச் சர்க்கரையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். பீப்பாயின் வாய் வழியே சிவப்பு நுரை பொங்கி வழிந்து தரையெல்லாம் கறைபடும். பிறகு அடங்கும். மெல்ல மெல்லச் சதையெல்லாம் கரைந்து கொட்டை மட்டும் மிஞ்சும். அந்தக் கொட்டையிலிருந்து வருவதுதான் வாதுமை மணம். மாதங்கள் கழித்து இளம் லாம்பிக்கைச் சிறிது சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள்.

இந்தக் குடியில் என்னை வெகுநேரம் நிறுத்திவைக்கும் சங்கதி ஒன்று உண்டு. பழம் சேராத கூஸை நிலவறையில் இருபது ஆண்டுகள் வைக்கலாம். அது வளர்ந்துகொண்டே போகும். கிரீக்கை அப்படி வைக்க முடியாது. வைக்கலாம், கெடாது, ஆனால் முதல் ஆண்டிலிருந்தே பழம் விடைபெறத் தொடங்கிவிடுகிறது. நிறம் செங்கல்லாகும். செரி போய்ச் செரியின் நினைவு நிற்கும், பிறகு அதுவும் போய் வெறும் லாம்பிக் நிற்கும், தன் பழைய புளிப்போடு. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து செய்த ஒன்றின்மேல் ஒரே கோடையில் பறித்த ஒன்றைச் சேர்த்து, ஒன்றின் பொறுமைக்கும் மற்றதன் அவசரத்துக்கும் நடுவே ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எப்போது திறப்பது என்ற கேள்விக்கு ஆலைக்காரர்கள் சொல்வது எளிது: பழத்துக்காக வாங்கினீர்களா, இப்போதே திறவுங்கள். பத்திரப்படுத்தி வைத்தே இழந்துவிடும் பழக்கம் உள்ள நமக்கு இந்த எளிய பதில் சற்றுச் சுடுகிறது.

1876-ல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வுநூலை வெளியிட்டார். பீரைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று அது காட்டிற்று. 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பின் காட்டு ஈஸ்ட் என்பது பகைவனின் பெயராயிற்று. பெரும்பாலான ஆலைகளில் திறந்த தொட்டி மூடப்பட்டது, சுவர் கழுவப்பட்டது, சிலந்தி விரட்டப்பட்டது. இதில் பிழை காண நான் வரவில்லை; தூய்மை எத்தனையோ ஊர்களின் கெட்ட பீரை நல்ல பீராக்கியது. ஆனால் அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1904-ல் நீல்ஸ் ஹ்யெல்டெ கிளாசன் என்பவர் நாள்பட்ட ஆங்கிலேயப் பீரின் தனிச்சுவைக்குக் காரணமான ஈஸ்டைக் கண்டு, பிரிட்டனின் பெயரைச் சேர்த்து அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் சூட்டினார். அதன் ஓர் இனத்துக்குப் பின்னாளில் பிரஸ்ஸல்ஸின் பெயரே கிடைத்தது. களை என்று ஒரு தலைமுறை பிடுங்கிப்போட்டதை அடுத்த தலைமுறை குனிந்து எடுத்துப் பெயர் கேட்கிறது. வரலாற்றில் இது ஒருமுறை நடந்த காரியமில்லை.

லாம்பிக்குக்கு வந்த அடிகள் ஆய்வகத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1900 வாக்கில் பெல்ஜியத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை கொதிகலன்களின் செம்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பல ஆலைகள் அதற்குப் பின் எழவே இல்லை. போர்களுக்குப் பின் தெளிந்த பொன்னிற லாகர் வந்து மேசைகளைப் பிடித்துக்கொண்டது. மக்களின் நாக்கு இனிப்புக்குப் பழகிற்று. இதுவும் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கடைகளில் லாம்பிக்கோடு சர்க்கரைக் கட்டியும் அதை நசுக்க ஒரு சிறு உலோகக் கோலும் வைப்பார்கள். சர்க்கரை சேர்த்த மலிவான லாம்பிக்குக்கு ஃபாரோ என்று பெயர். 1864-ல் பிரஸ்ஸல்ஸ் வந்து தங்கிய கவிஞர் போதலேர் ஃபாரோவை மனதார வெறுத்தார். நூறாண்டு கழித்து, 1970-களிலும் 80-களிலும், வடிகட்டி, சூடுகாட்டி, இனிப்பேற்றிய கிரீக் கடைகளை நிறைத்தது. அதை ஏளனம் செய்வது எளிது. ஆனால் சில ஆலைகளின் அடுப்பு அணையாமல் இருந்தது அந்த இனிப்பு தந்த காசினால்தான். இன்றைய டின்களில் பழக்கூழ் மிதக்கும் பீரும் அதே ஊஞ்சலின் அதே பக்கத்து ஆட்டம். ஊஞ்சல் திரும்பி வரும்.

ஒருமுறை வந்தது. 1975-ல் ஃபிராங்க் போன் என்ற இளைஞர் லெம்பேக் என்ற ஊரில் மூடும் நிலையில் இருந்த கலவைக்கூடம் ஒன்றை வாங்கினார். எல்லாரும் விற்றுவிட்டுப் போகும் தொழிலுக்குள் ஒருவர் நுழைந்தார். 1978-ல் கான்டியோனின் ஜான்-பியேர் வான் ராய் தம் ஆலையையே கூஸ் அருங்காட்சியகமாக்கிக் கதவைத் திறந்தார். உயிரோடிருக்கும்போதே அருங்காட்சியகமாக வேண்டியிருந்த தொழில் அது. பேர்செல் என்ற ஊரின் ஆர்மண்ட் டெபெல்டர் கலந்த கூஸ் பேர்பெற்றது. 2009-ல் கிடங்கின் வெப்பச்சீராக்கி பழுதாகி, பல்லாயிரம் பாட்டில்கள் சூட்டில் வெடித்தும் கெட்டும் போயின. அவர் மிஞ்சியதைக் காய்ச்சி வடித்து மதுவாக்கி விற்று, மறுபடி எழுந்தார். 2022-ல் மறைந்தார். கடல் கடந்து அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், போர்ட்லாந்தின் அல்லகாஷ் ஆலை 2007-ல் தனக்கென ஒரு திறந்த தொட்டி முறையை அமைத்துக்கொண்டது. அதன்பின் எத்தனையோ ஊர்கள். பொறுக்காதவர்கள் கொதிகலனிலேயே லாக்டோபேசிலஸைவிட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்துப் பழக்கூழ் சேர்த்துவிடுகிறார்கள். அதிலும் நல்லது உண்டு. அது ஒரு பருவத்தின் பானம், அவ்வளவே. அதைக் குளிர்பெட்டியில் வைத்து, அடியில் தங்கிய கூழ் கலக்கும்படி டின்னை மெதுவாகக் கவிழ்த்தெடுத்து, சில்லென்று ஊற்ற வேண்டும். வெளியே வைத்தால் நொதிக்காத பழச்சர்க்கரை மறுபடி வேலை தொடங்கி டின் வெடிக்கவும் கூடும்.

கிரீக்குக்கு இதன் எதிர்முறை. நிலவறையில் பாட்டில்களைப் படுக்கவைத்திருப்பார்கள். பழைய நாளில் ஒவ்வொன்றின் மேல்பக்கமும் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கீற்று இழுப்பார்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது, வண்டல் எந்தப் பக்கம் படிந்தது என்று திறக்கப்போகும் கைக்குச் சொல்வதற்கு. கீற்று போட்டவரும் திறப்பவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். பாட்டிலை நிமிர்த்தாமல், படுத்த வாக்கிலேயே ஒரு சாய்ந்த பிரம்புக்கூடையில் எடுத்து வைத்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். 12 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் மணம் வாய் திறக்காது. தக்கையைத் திருகி இழுக்க அவசரம் கூடாது. குவளைகளை முதலிலேயே வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரே சாய்வில், இடையில் நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை நிமிர்த்தும்போதும் வண்டல் கலங்கும். வியன்னாவில் இருக்கும் ப்ரூகலின் குடியானவர் திருமணத்தில், இடதுபக்க ஓரத்தில் ஒருவர் பெரிய சாடியிலிருந்து சிறு சாடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். விருந்தின் கூச்சல் எதுவும் அவர் முகத்தில் இல்லை, கை மட்டும் கவனமாக இருக்கும். அந்தச் சாடியில் இருப்பது லாம்பிக்தான் என்று சொல்லி மகிழ்கிற வழக்கம் பிரஸ்ஸல்ஸைச் சூழ்ந்த பிரபாண்ட் வட்டாரத்தில் உண்டு. வரலாறு என்பதைவிட அதை ஆசை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஊற்றுகிற அந்தக் கை மட்டும் மாறவில்லை.

பக்கத்தில் புதுப்பாலாடைக்கட்டி தடவிய கறுப்பு ரொட்டி, சீவிய சிவப்பு முள்ளங்கி, வெங்காயத்தாள். வேறொன்றும் வேண்டாம். ஐசரிங்கன் என்ற சிற்றூரில் 'பெருந்தாகக் காப்பீடு' என்று பொருள்படும் பெயரில் ஒரு கடை இருக்கிறது. தேவாலயத்துக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பது அதன் வழக்கம், ஊரில் யாராவது இறந்தால் அன்றைக்கும். பூசை முடிந்து வருகிறவர்களும் அடக்கம் முடிந்து வருகிறவர்களும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே புளிப்பைப் பகிர்வார்கள்.

ஆற்றையும் தோப்பையும் இழந்த அந்தப் பீருக்கு இப்போது மிஞ்சியிருப்பது குளிர். 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் கான்டியோனில் காய்ச்சுவதை நிறுத்திவைக்க நேர்ந்தது. நூறாண்டுக்கு முன் இருந்ததைவிடக் காய்ச்சத் தகுந்த இரவுகள் குறைந்துவிட்டன. காற்றை வரவழைக்கலாம், அது எந்தச் சூட்டில் வர வேண்டும் என்று சொல்ல எந்த ஆலைக்கும் அதிகாரமில்லை. 2016-ல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. நவம்பர் இரவைச் சேர்க்க அங்கே பட்டியல் இல்லை.

ஆனாலும் ஆலைக்காரர் ஆண்டுதோறும் அக்டோபரில் வானிலையைப் பார்த்துக்கொண்டு கூரைச் சட்டத்தைத் திறக்கிறார்; கொதித்த சாற்றை மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் வந்து கையை வைத்துப் பார்க்கிறார், ஆறியிருக்கிறது. மூன்று கோடை தாண்டினால் அது யாருக்கோ ஆகும். ஜூலையில் பழம் வந்துவிடும், பீப்பாய்களுக்கு இடம் வேண்டும். போன ஆண்டின் கிரீக் ஒன்று அலமாரியில் படுத்திருந்தால், கூடையை எடுங்கள். நிறம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும்.